குத்துச்சண்டைப் பெருவீரர் பீற்றர் ஜாக்சன்

உடல் வலிமை இயற்கை அளிக்கும் கொடை. அவ்வலிமையை எவ்விடத்து, எக்காலத்து, எவ்வளவிற் பயன்படுத்தல் வேண்டும் என்னும் அறிவோ, பயிற்சியினாலும் அடக்கத்தினாலும் ஒருவர் தாமே தேடிக்கொள்ளும் பொருள். திருவள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தமையின் பொருத்தத்தைப் போர்க்களத்தில் மட்டுமன்றி விளையாட்டுக் களத்திலுங் காணலாம். திருக்குறளைக் கேட்டறியாத தொலைதேயத்திற் பிறந்து, இம்மூன்றையும் தம் தொழிலிற் கடைப்பிடித்துக் காட்டிய ஒருவரின் வரலாற்றை இவ்விழா மலர் வாயிலாகப் பழைய மாணவர்க்கும், இன்று பயில்வோர்க்கும், ஆசிரியப் பெருமக்கட்கும் எடுத்துரைக்க விரும்புகின்றோம். அவரே பீற்றர் ஜாக்சன் என்னும் குத்துச்சண்டை வீரர். உலக வீரர் என்னும் பட்டம் அவர்க்குக் கிட்டவில்லை. அது கிட்டாது போனமைக்கு அவரது கைகள் காரணமல்ல என்பதே அவர் வரலாற்றின் உயிர்ப்பகுதி.

மட்டக்களப்பு வாவியின் இருகரையிலும் வாழும் நமக்கு உதைபந்தாட்டமும் மெய்வல்லுநர் போட்டிகளும் நெருங்கிய உறவின. குத்துச்சண்டை அத்துணை நெருங்கியதன்று. முரட்டு விளையாட்டெனப் பெற்றோர் அதனை அஞ்சுவர். அவ்வச்சம் காரணமற்றதுமன்று, தலையில் மீண்டும் மீண்டும் படும் அடிகள் மூளைக்கு ஊறு விளைக்கும் என்பதை மருத்துவர்கள் தெளிவாகக் கூறியுள்ளனர். ஆதலின் யாவரும் கையுறை அணிந்து களம் புகுக என்று சொல்ல நாம் வரவில்லை. எனினும் அக்கலையில் நம் நாட்டவரும் பெயர் பெற்றுள்ளனர் என்பதை மறத்தலாகாது. 1938 ஆம் ஆண்டு சிட்னி நகரில் நடைபெற்ற பிரித்தானியப் பேரரசு விளையாட்டு விழாவிலே, பெதர்வெயிற் பிரிவில் இலங்கை வீரர் பார்ணி ஹென்றிக்கஸ் தங்கப் பதக்கம் வென்றார். அவர் வாகை சூடிய அதே நகரிலேதான், அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னர், பீற்றர் ஜாக்சன் இக்கலையைக் கற்றுத் தேர்ந்தார்.

ஜாக்சன் 1861 ஆம் ஆண்டு யூலை மாதத்தில், மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய சென் குறோய் தீவிற் பிறந்தார். அந்நாளில் டென்மார்க்கின் ஆட்சியில் இருந்த அத்தீவு 1917 இல் ஐக்கிய அமெரிக்காவின் கைக்கு மாறியது. ஆபிரிக்காவிலிருந்து கவர்ந்து வரப்பட்ட மக்கள் அங்கே கரும்புத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக அடிமைகளாய் உழைத்தனர். 1848 இலேதான் அவ்விழிமுறை அங்கு ஒழிந்தது. அடிமைத்தளை அறுந்து பதின்மூன்று ஆண்டுகளே கழிந்த மண்ணில், அவ்வினத்தாருள் ஒருவராகப் பிறந்தார் ஜாக்சன். இளமையிலேயே மாலுமியாகிக் கடலோடிய அவர், 1880 ஆம் ஆண்டையொட்டிச் சிட்னித் துறைமுகத்தை அடைந்து, அங்கே துறைமுகத் தொழில் புரிந்து வாழ்ந்தார்.

சிட்னியில் அக்காலத்தில் லறி ஃபோலி என்னும் ஆசான் ஒருவர் இருந்தார். இங்கிலாந்தின் பெருவீரராகிய ஜெம் மேஸ் 1877 இல் அவுஸ்திரேலியா வந்தபோது அவர் கொணர்ந்த நுண்கலையை ஏற்று, மாணாக்கர் பலர்க்கு வழங்கியவர் ஃபோலி. வெறுங்கையால் அடித்து வீழ்த்தும் பழைய முரட்டுச் சண்டை மறைந்து, குயின்ஸ்பெரி விதிகளின்படி கையுறை அணிந்து மூன்று நிமிடச் சுற்றுகளாக மோதும் புதிய முறை பரவிய காலம் அது. ஃபோலியின் கூடத்திலே பயின்றோருட் பின்னர் உலகப் புகழ் பெற்றோர் பலர். அவர்களுள் ஒருவராக ஜாக்சனும் சேர்ந்தார்.

ஜாக்சனின் உயரம் ஆறடி ஒன்றரை அங்குலம். எடை ஏறத்தாழ 190 இறாத்தல். தோள் அகன்று, இடை சிறுத்து, கைகள் நீண்டிருந்தன. இத்தகைய உடல் வாய்த்தவர் எளிதில் வெல்வார் என்று நாம் எண்ணக்கூடும். உண்மை அதுவன்று. 1884 இல் மெல்போண் நகரில் பில் ஃபார்ணன் என்பவருடன் மோதிய ஜாக்சன் சில சுற்றுகளுக்குள்ளேயே வீழ்த்தப்பட்டார். நீண்ட கை தானாக வெற்றி தருவதில்லை. அதனைப் பயன்படுத்தும் முறை அறியாதார்க்கு அதுவே இடையூறும் ஆகும். இதனைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும்.

வாவியில் இடுப்பளவு நீரில் நின்று வீச்சுவலை எறிவோரை நாம் நாளுங் காண்கின்றோம். தம் வலை எவ்வளவு தூரம் சென்று எவ்வளவு அகலம் விரியும் என்பது எறிவோர்க்குத் தெரியும். அவ்விரிவுக்கு அப்பால் மீன் நிற்கும்போது வீசினால் வலை வெறிதே நீரில் விழும். மீன் காலடிக்கு வந்தபின் வீசினாலோ வலை விரிய இடமிராது. நீண்ட கையுடைய குத்துச்சண்டை வீரரின் நிலையும் இதுவே. எதிரி எட்டத்தில் நிற்கையில் வீசும் குத்துக் காற்றில் வீணாகும். வீசியவர் நிலை தடுமாறுவர். எதிரி தலையைத் தாழ்த்தி உள்ளே புகுந்து மார்போடு நெருங்கிவிட்டாலோ நீண்ட கை மடங்கிப் பயனற்றுப் போக, குட்டைக் கையுடையவர் விலாவிலும் வயிற்றிலும் விரைந்து தாக்குவர். உயர்ந்த உடலில் அடிபடத்தக்க இடமும் மிகுதி. ஆகவே, தம் கை எட்டவும் எதிரியின் கை எட்டாமலும் இருக்கும் அந்தச் சிறு இடைவெளி ஒன்றே உயர்ந்த வீரரின் கோட்டை. அவ்விடைவெளியைச் சண்டை முடியும் வரை காப்பதே அவர் கற்கவேண்டிய கல்வி. இடனறிதல் என்பது இதுவே.

ஜாக்சன் இக்கல்வியைச் செவ்வனே கற்றார். இடக்காலை முன்வைத்து, உடலைச் சற்றே பக்கவாட்டிற் சாய்த்து, நிமிர்ந்து நிற்பது அவர் நிலை. இடக்கையைத் தோளிலிருந்து நேர்கோட்டில் நீட்டிக் குத்துவதே அவரது முதற் படைக்கலம். வளைத்து வீசும் குத்தினும் நேர்க்குத்துக் கடக்கும் தூரம் குறைவு. ஆதலின் அது விரைந்து சேரும். கையை நீட்டும் அதே வேளையில் இடக்காலும் ஒரு சிற்றடி முன்வைக்கப்படுதலின், உடலின் எடை முழுவதும் முட்டியிற் சென்று சேரும். குத்திய கை தாழாமல், சென்ற வழியே மீண்டும் வந்து முகத்தைக் காக்க வேண்டும். எதிரி பாய்ந்து வருவாராயின் அவர் வரும் விரைவே அவர்க்குப் பகையாகும். நீட்டிய முட்டியில் அவர் தாமே வந்து மோதிக்கொள்வார். பாய்ச்சல் மிகும்போது நேரே பின்வாங்காமல் பக்கமாக நகர்ந்து, இழந்த இடைவெளியை மீண்டும் ஆக்கிக்கொள்ள வேண்டும். இடக்கை எதிரியின் காவலைக் குலைத்த பின்னரே வலக்கை எழும். இடமும் வலமுமாக அடுத்தடுத்துச் சேரும் அவ்விரட்டைக் குத்தினால் ஜாக்சன் பெரும்பெயர் பெற்றார்.

இவற்றைச் சொல்லுதல் எளிது. சினம் வந்தபோதும் செய்தல் அரிது. முகத்தில் அடி விழுந்தவுடன் திருப்பி அடிக்க மனம் துடிக்கும். பார்ப்போர் கூட்டமும் நெருங்கிச் சென்று மோதுமாறு ஆரவாரிக்கும். அக்குரலுக்குச் செவிசாய்த்து இடைவெளியை விட்டுக்கொடுத்தவர் எதிரியின் சண்டையைச் செய்தவராவர். காலமறிதலுக்கு வள்ளுவர் கூறிய உவமைகளுள் ஒன்று கொக்கு. வாவியோரச் சதுப்பில் அசையாது நின்று, உரிய கணத்தில் மட்டும் அலகை நீட்டும் அப்பறவையின் பொறுமை ஜாக்சனுக்கு இருந்தது.

இவ்வொழுக்கத்தின் பயன் விரைவில் வெளிப்பட்டது. 1886 செப்தெம்பரில் ரொம் லீஸ் என்பவரை முப்பது சுற்றுகளில் வென்று அவுஸ்திரேலியாவின் பேரெடைப் பட்டத்தைப் பெற்றார். 1888 இல் அமெரிக்கா சென்று, சான் பிரான்சிஸ்கோ நகரில், கறுப்பின வீரருள் தலைசிறந்தவராக விளங்கிய ஜோர்ஜ் கொட்பிறீயைப் பத்தொன்பது சுற்றுகளில் வீழ்த்தினார். அவ்வாண்டின் இறுதியில் தம்மினும் எடை மிகுந்த ஜோ மக்கோலிஃபை இருபத்து நான்கு சுற்றுகளில் வென்றார். மறுவருடம் இலண்டன் நகரிலே, தம்மினும் மிகக் குட்டையரான இங்கிலாந்து வீரர் ஜெம் சிமித்தை இரண்டு சுற்றுகளில் வென்றார். நீண்ட கை, குட்டைக் கையை எட்டத்தில் நிறுத்தியமைக்கு அது சான்று. ஆயின் மக்கோலிஃபைப் போன்ற பேருடலினரை வென்றமைக்குக் கை நீளம் மட்டும் காரணமாகாது. அங்கே வென்றது முறையும் பொறுமையுமே.

அக்காலத்தில் உலக வீரர் எனப் போற்றப்பட்டவர் அமெரிக்கராகிய ஜோன் சலிவன். முன்பாய்ந்து ஓயாது அடிக்கும் வன்மையினால் 1882 முதற் பட்டத்தைத் தம் கையில் வைத்திருந்தார். அவரை எதிர்க்க ஜாக்சன் பன்முறை முயன்றார். கறுப்பினத்தவர் எவருடனும் தாம் சண்டையிடுவதில்லை என்பதே சலிவன் அளித்த விடை. 1892 இல் அவர் யாவரையும் போருக்கழைத்து வெளியிட்ட அறிவித்தலிலும் கறுப்பினத்தவரை வெளிப்படையாகவே விலக்கினார். ஜாக்சனின் கை எட்டாத முதல் இடைவெளி இதுவாயிற்று.

இதற்கிடையில், 1891 மே 21 ஆம் நாள், சான் பிரான்சிஸ்கோவில் ஜேம்ஸ் கோபெற் என்னும் இளைஞருடன் ஜாக்சன் மோதினார். வங்கியொன்றில் எழுதுவினைஞராக இருந்து குத்துச்சண்டைக்கு வந்தவர் கோபெற். உயரமும் நுண்ணறிவும் கால்வேகமும் உடையவர். சண்டைக்குச் சிலநாட் முன்னர் வண்டி விபத்தொன்றில் ஜாக்சனின் கணுக்கால் ஊறுபட்டிருந்தது. இருவரும் எட்டத்தில் நின்று போராடும் கலையில் வல்லவர். ஒருவர் நெருங்க மற்றவர் நகர்வார். ஒருவர் காத்திருக்க மற்றவரும் காத்திருப்பார். சுற்றெண்ணுக்கு எல்லை விதிக்கப்படாத அச்சண்டை அறுபத்தொரு சுற்றுகள் நீடித்தது. சுற்றுக்கு மூன்று நிமிடமும் இடையோய்வுக்கு ஒரு நிமிடமுமாகக் கணக்கிட்டால் நான்கு மணி நேரத்திற்கு மேலாகும். இறுதியில் இருவரும் கை தூக்கவும் இயலாது நிற்க, வெற்றி தோல்வி இல்லையென மத்தியஸ்தர் சண்டையை நிறுத்தினார். பதினாறு மாதங் கழித்து, 1892 செப்தெம்பர் 7 ஆம் நாள், இதே கோபெற் நியூ ஓர்லியன்ஸ் நகரிற் சலிவனை இருபத்தொரு சுற்றுகளில் வீழ்த்தி உலகப் பட்டத்தைக் கைப்பற்றினார். எட்டத்தில் நின்று வெல்லும் கலை முரட்டு வலியை வென்ற நாள் அது. ஜாக்சனை நான்கு மணி நேரம் வெல்ல முடியாதிருந்தவர்க்கு உலகப் பட்டம் கிடைத்தது. ஜாக்சனுக்கோ அதற்குப் போட்டியிடும் வாய்ப்புத்தானும் கிடைக்கவில்லை. தாம் கண்ட பேரெடை வீரர் எவரையும் வெல்லத்தக்கவர் ஜாக்சனே எனக் கோபெற் பிற்காலத்தில் எழுதிய தன்வரலாற்றில் ஒப்புக்கொண்டுள்ளார்.

ஜாக்சனின் வாழ்வில் உச்சமெனத் தக்கது, 1892 மே 30 ஆம் நாள் இலண்டன் தேசிய விளையாட்டுக் கழகத்தில் நடந்த சண்டை. எதிர்த்தவர் பிராங் சிலாவின், அவுஸ்திரேலியர், ஃபோலியின் கூடத்தில் ஜாக்சனுடன் ஒருங்கு பயின்றவர். இப்போது இருவர்க்கும் இடையே பகைமை முற்றியிருந்தது. அக்கழகத்தில் ஒரு கடுவிதி உண்டு: சுற்று நடக்கும்போது பார்ப்போர் எவரும் வாய்திறத்தலாகாது. அந்த மௌனத்தின் நடுவே சிலாவின் பாய்ந்து பாய்ந்து விலாவைத் தாக்க முயன்றார். ஜாக்சனின் இடக்கை ஒவ்வொரு பாய்ச்சலையும் வழியிலேயே சந்தித்தது. பலத்த அடிகள் சில தம்மேற் பட்டபோதும் ஜாக்சன் முறை பிறழவில்லை. பத்தாஞ் சுற்றிலே சிலாவின் அறிவு மயங்கி, கைகள் தாழ, விழாமலும் காக்க மாட்டாமலும் தள்ளாடி நின்றார்.

அக்கணத்தில் ஜாக்சன் செய்ததே அவரை நாம் நினைவுகூரக் காரணம். அவர் அடிக்கவில்லை. ஓரடி பின்வாங்கி, கைகளைத் தாழ்த்தி, மத்தியஸ்தரை நோக்கினார். எதிர்க்கும் ஆற்றல் அற்றவரை அடிக்க அவர் உள்ளம் ஒருப்படவில்லை. எதிரி நிலத்தில் வீழாத வரை சண்டை முடிந்ததாகாது என்பது விதி. ஆதலின் தொடருமாறு மத்தியஸ்தர் பணித்தார். அப்போதும் ஜாக்சன் தம் வலிமை முழுவதையும் காட்டாது, மெல்லிய சில குத்துகளால் சிலாவினை வீழ்த்தினார். பன்னாள் வளர்ந்த பகைமை உடையவரிடத்தும் அவர் காட்டிய இவ்வருளைக் கண்டோர் வியந்தனர். எதிரியை எட்டத்தில் நிறுத்தக் கற்றவர், தம் சினத்தையும் எட்டத்தில் நிறுத்தக் கற்றிருந்தார்.

இவ்வெற்றிக்குப் பின்னும் பட்டத்திற்கான வாயில் திறக்கவில்லை. கோபெற் சலிவனை வென்றதற்கு முன்னாள், அதே நியூ ஓர்லியன்ஸ் அரங்கில், கறுப்பின வீரரான ஜோர்ஜ் டிக்சன் வெள்ளையர் ஒருவரை வென்றார். அது பொறாத நகரத்தார் எழுப்பிய கூச்சலால், இரு நிறத்தார் மோதும் சண்டைகளை அவ்வரங்கு நிறுத்திவிட்டது. புதிய பட்டவீரர் கோபெற்றுடன் ஜாக்சன் மீண்டும் மோதுவது பற்றிப் பேச்சுகள் நடந்தன. அமெரிக்காவின் தென்மாநிலங்களிற் சண்டையிட ஜாக்சன் உடன்படவில்லை. நிறவெறி கொதித்த அம்மாநிலங்களில் வென்றாலும் உயிர்க்கு உறுதியில்லை என அவர் அஞ்சியது நியாயமே. இலண்டனிற் சண்டையிடக் கோபெற் உடன்படவில்லை. பேச்சுகள் வீணாயின. 1893 இல், அடிமை வாழ்வைச் சித்திரிக்கும் புகழ்பெற்ற கதையொன்றின் நாடகத்தில் முதிய அடிமையின் வேடம் பூண்டு ஊரூராகத் திரிந்தார் அப்பெருவீரர். இடையிலே குத்துச்சண்டைக் காட்சி ஒன்றும் அதிற் சேர்க்கப்பட்டது. பார்க்கப் பணந்தர ஆயத்தமாயிருந்த உலகம், போட்டியிட இடந்தர ஆயத்தமாயில்லை.

இதன்பின் அவர் வாழ்வு சரிந்தது. இலண்டனிற் பிறர்க்குப் பயிற்சி அளித்து வாழ்ந்த நாளில் மதுப்பழக்கம் அவரைப் பற்றியது. இதனை மறைத்தல் வரலாறு ஆகாது. பல்லாண்டு காத்த ஒழுக்கம் அவரிடத்துத் தளர்ந்தமைக்கு அவரே பொறுப்பாளர் எனினும், தளர்ந்த காலம் எதுவென்பதையும் நாம் நோக்குதல் வேண்டும். களத்தில் உள்ள எதிரியை வெல்லப் பொறுமை போதும். களத்திற்கே வரவிடாத எதிரியிடம் பொறுமை நாளடைவில் தேய்ந்துபோகும். 1898 மார்ச்சு மாதம் சான் பிரான்சிஸ்கோவில், இளைஞரும் பின்னாளில் உலக வீரருமான ஜேம்ஸ் ஜெஃப்றீஸ் மூன்றே சுற்றுகளில் அவரை வென்றார். அவுஸ்திரேலியாவுக்கு மீண்ட ஜாக்சன் காசநோயால் நலிந்து, 1901 யூலை 13 ஆம் நாள், குவீன்ஸ்லாந்து மாநிலத்து றோமா என்னும் ஊரில் தம் நாற்பதாம் வயதில் மறைந்தார். பிறிஸ்பேன் நகரத்துத் தூவொங் மயானத்தில் அவர் உடல் அடக்கஞ் செய்யப்பட்டது. அன்பர்கள் பொருள் திரட்டி அங்கொரு நினைவுச்சின்னம் எழுப்பினர். சேக்சுபியர், புறூற்றசு என்னும் உரோம வீரன் இறந்தபின் அவன் பகைவர் வாயில் வைத்த புகழுரையின் முடிவுச் சொற்களையே அதிற் பொறித்தனர். அவர் ஒரு மனிதர் என்பதே அச்சொற்களின் சாரம். நிறத்தைக் காட்டி மனிதரை விலக்கிய காலத்திலே இதனினும் பொருத்தமான புகழுரை வேறொன்று இருத்தல் அரிது.

அவர் மறைந்து ஏழாண்டு கழித்து, 1908 திசெம்பர் 26 ஆம் நாள், அவர் கலை பயின்ற சிட்னி நகரிலேயே கறுப்பின வீரர் ஜாக் ஜோன்சன் உலகப் பேரெடைப் பட்டத்தை வென்றார். அடைபட்ட வாயில் அன்று திறந்தது. 1964 இல் முதன்முறை பட்டம் வென்ற முகம்மது அலியும், நீண்ட இடக்கையாலும் விரைந்த கால்களாலும் எதிரியை எட்டத்தில் நிறுத்தி வென்றவரே. 1990 இல் உலகக் குத்துச்சண்டைப் புகழ்மண்டபத்தில் ஜாக்சனின் பெயர் சேர்க்கப்பட்டது. பட்டம் பெறாத ஒருவரை அப்பட்டம் பெற்றோர் வரிசையில் வைத்து உலகம் தன் பழியை ஓரளவு தீர்த்துக்கொண்டது.

இவ்வரலாறு நமக்கு இரண்டு கடமைகளை உணர்த்துகின்றது. முதலாவது, களத்தில் நிற்போர்க்குரியது. உயரமோ விரைவோ கூர்மதியோ இயற்கை எதனைத் தந்திருப்பினும், அதனை முறைப்படுத்தும் பயிற்சி இல்லையேல் அது பயன்படாது. வென்று நிற்கையிலும் கை தாழ்ந்தவரிடத்து அருள் காட்டுவதே அப்பயிற்சியின் முடிவு. பரீட்சை மண்டபத்திலும், விளையாட்டு மைதானத்திலும், பின்னர்த் தொழில் புரியும் இடத்திலும் இது பொருந்தும்.

இரண்டாவது, வாயிலிற் காவல் நிற்போர்க்குரியது. பிறப்பைக் காட்டி மனிதரை வெளியே நிறுத்திய பழி அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. நம் நாட்டிலும் கோயில் வாயிலிலும், பள்ளி வாங்கிலும், கிணற்றடியிலும் அவ்விலக்கு நிலவியது. அதனைக் குற்றமாக்கும் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957 இலேதான் இலங்கையில் இயற்றப்பட்டது. சட்டம் வாயிலைத் திறக்கும். உள்ளே வருவோர்க்குச் சமமாக இடந்தருவது நம் மனமே. கல்லூரியில் அணி தெரிவோரும், பரிசு வழங்குவோரும், பதவியில் அமர்ந்தபின் பிறரைத் தெரிவோரும் ஆகிய நாம் யாவரும் ஒருநாள் அவ்வாயிலிற் காவலராய் நிற்போம். தகுதியுடைய ஒருவர் அங்கே வந்து நிற்கும்போது, பீற்றர் ஜாக்சன் திரும்பிச் சென்றதுபோல் அவரும் திரும்பிச் செல்லாதிருக்க, நம் கல்லூரியின் மைந்தர் என்றும் விழிப்பாயிருப்பாராக.